ஏற்காடு: எந்த மாதம் போகலாம், எப்படி ஏறலாம்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான வழிகாட்டி

முதல் வேலை, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது. ஏற்காடு ஊட்டி அல்ல. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 450 முதல் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி, மிஞ்சிப்போனால் ஏழு டிகிரி குறையும். சித்திரை மதியம் கீழே 38 டிகிரி என்றால் மேலே 31 இருக்கும். நிழலில் சுகம், வெயிலில் வெயில்தான். கத்தரிக்குத் தப்பித்து மே மாதம் குடும்பத்தோடு ஏறி, "என்னப்பா, இங்கயும் வேர்க்குது" என்று முகம் சுளிப்பவர்கள் செய்யும் பிழை ஊரில் இல்லை, மாதத்தில்தான் இருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தருமபுரியிலிருந்து ஏற்காடு நூறு கிலோமீட்டருக்குள், கிருஷ்ணகிரியிலிருந்து 140 கிலோமீட்டர் அளவில். சென்னைக்காரர்களைப் போல நீண்ட விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள் விடுப்பு போட்டால் போதும், அந்த மலை வேறு மலையாக இருக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்த பிறகு, சீசன் நேரத்தில் ஏற்காட்டுப் பக்கம் திரும்பும் வண்டிகளையும் கணக்கில் வையுங்கள்.

எந்த மாதத்தில் என்ன கிடைக்கும்

தை, மாசி (ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை): வானம் தெளிவாக இருக்கும். காட்சி முனைகளில் நின்று கீழே சேலத்தைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பகலில் இதமான வெயில், இரவில் 13 டிகிரி அளவுக்கு இறங்கும். காபிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கும். தோட்டங்களின் களத்தில் காபி காய்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தோட்டங்கள் எல்லாம் தனியாருடையவை. கேட்காமல் உள்ளே போகாதீர்கள், பழத்தைப் பறிக்காதீர்கள். பொங்கல் விடுமுறை நான்கு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பங்குனி: இந்த மாதத்தைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை. காபிச் செடி மொட்டு கட்டிக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் அளவு மழை விழுந்து எட்டு முதல் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும். வாசனை மல்லிகையை ஒட்டி இருக்கும். மூன்று, நான்கு நாளில் பூ கருகிவிடும். ஆகவே தேதி குறித்துவைத்துப் போக முடியாது. ஏற்காட்டில் நல்ல மழை என்று செய்தி வந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாளைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். தூறலோடு நின்றுபோன மழையாக இருந்தால் பூ அரைகுறையாகத்தான் வரும்.

சித்திரை, வைகாசி: கோடை விழாவும் மலர்க் காட்சியும் மே மாதத்தில் அண்ணா பூங்காவில் நடக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான். சுற்றுவட்ட மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மே மாதம் போங்கள். மற்றபடி, அறை வாடகை எகிறிக் கிடக்கும், ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். விழா நாட்களில் ஒரு பாதையில் ஏறி மறு பாதையில் இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து அறிவிப்பதும் உண்டு. கிளம்பும் அன்று காலை சேலம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கிளியூர் அருவி இந்த மாதங்களில் பெரும்பாலும் பாறையாகத்தான் இருக்கும்.

ஆனி முதல் புரட்டாசி வரை: எங்கள் கணக்கில் இதுதான் ஏற்காட்டின் நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை நீலகிரியைப் போல இங்கே அடித்துக் கொட்டாது. சாரல், மேகம், நடுவில் ஒரு மணி நேர வெயில் என்று மாறி மாறி வரும். பலாவும் வெண்ணெய்ப்பழமும் சாலையோரக் கடைகளுக்கு வரும். ஆடிப்பெருக்குக்கு நம் ஊர்க் கூட்டம் மொத்தமும் ஒகேனக்கல்லுக்குப் போய்விடும் என்பது இன்னொரு லாபம். ஆவணி, புரட்டாசியில் மழை கூடும், அருவியில் தண்ணீர் வரும். குடை காற்றுக்குத் தாங்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மலைச்சாலை உடையும் மாதங்கள் இவை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறிய மண் பாறையோடு சேர்ந்து சாலையில் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அதே மழையில் ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலைச் செய்தி சொன்னால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். மழை விட்ட மறுநாளே ஏறுவதும் புத்திசாலித்தனம் இல்லை, ஊறிய மண் வெயில் பட்ட பிறகும் சரியும்.

மார்கழி: பனியும் மூடுபனியும். காலை எட்டு மணி வரை பத்தடி தூரம் தெரியாத நாட்கள் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கூட்டம் மே மாதத்துக்குச் சளைத்ததல்ல.

சேலம் வரை

தருமபுரி பக்கத்திலிருந்து போகும்போது ஏற்காட்டின் இருபது வளைவுகளைவிட அபாயமான இடம் ஒன்று முன்னாலேயே வருகிறது: தொப்பூர் கணவாய். நாம் போகும் திசையில் அது இறக்கம். சுமை லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறி, கடைசி வளைவுகளில் பிடி இல்லாமல் போவதுதான் அங்கே நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவற்றின் கதை. லாரிக்கு நேர் முன்னால் போய்க்கொண்டிருக்காதீர்கள். ஒன்று, நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள். இல்லையென்றால் நேரான இடத்தில் முந்திப் போய்த் தூரமாகிவிடுங்கள். விடிந்த பிறகு கணவாயைக் கடக்கிற மாதிரி கிளம்புங்கள். தருமபுரியிலிருந்து ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து ஐந்து மணிக்கு. பாளையம் சுங்கச்சாவடியில் நிற்காமல் போக ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள்.

சேலத்துக்குள் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம். காலை எட்டரைக்கு மேல் அஸ்தம்பட்டியில் பள்ளி வண்டிகளோடு மாட்டிக்கொள்வீர்கள், ஏழரைக்குள் தாண்டிவிடுங்கள். பெட்ரோல், காற்று, பணம் மூன்றையும் சேலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் தருமபுரி வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் சாலையில் வந்து, குப்பனூர் பக்கம் திரும்பி மலையேறலாம். இந்தப் பாதை சற்று நீளம், கூட்டம் குறைவு. கடைகளும் குறைவு, பஞ்சர் ஆனால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பேருந்தில் வருபவர்கள் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் மாறிக்கொள்ளலாம். ஏற்காடு வண்டி மேலே போக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். மேலே போனதும் இடங்கள் சிதறிக் கிடக்கும்; ஆட்டோ, ஜீப் பேசும்போது எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று பெயர் சொல்லிப் பேசி முடித்த பிறகே ஏறுங்கள். "எல்லா இடமும் சுத்திக் காட்டறேன்" என்பதில் சேர்வராயன் கோயில் பெரும்பாலும் இருக்காது.

ஏற்றம்

அடிவாரத்திலிருந்து மேலே வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. பழகாதவர்கள் இதை ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது நிமிடத்தில் ஏற வேண்டும் என்று யாரும் பரிசு தரப்போவதில்லை.

வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். நடு வளைவில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மாற்றப் போய்த்தான் புதியவர்களின் வண்டி நிற்கிறது, பின்னால் உருள்கிறது. நின்றுவிட்டால் பதறாமல் கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்து வண்டி முன்னுக்கு முண்டும்போது கைப்பிரேக்கை விடுங்கள். சின்ன என்ஜின் காரில் ஐந்து பேரும் பெட்டியும் இருந்தால் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். ஜன்னல் காற்று அதைவிட நன்றாக இருக்கும்.

ஏறும் வண்டிக்கே முதல் உரிமை. ஆனால் எதிரே பேருந்து இறங்கினால் உரிமை பேசாதீர்கள். பேருந்துக்கு வளைவில் சாலையின் முழு அகலமும் தேவை. அதன் ஹாரன் கேட்டதும் வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே ஓரம் கட்டி நில்லுங்கள். வளைவுக்குள் மூக்கை நுழைத்த பிறகு நின்றால் இரண்டு பேருக்கும் வழி இல்லை, பின்னால் பத்து வண்டி சேர்ந்துவிடும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம் போதும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு: சேலத்தில் வயிறு முட்டப் பூரி, மசால் தோசை சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் இருக்கை, திறந்த ஜன்னல், கண் சாலையில். பிள்ளைகள் கையில் போன் இருந்தால் பத்தாவது வளைவுக்குள் நிச்சயம் வண்டியை நிறுத்த வேண்டி வரும்.

மேலே எந்த வரிசையில் பார்ப்பது

பெரும்பாலோர் ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் ஏரியில் இறங்கிவிடுகிறார்கள். அங்கேயே பதினொரு மணி ஆகிவிடும்; தூரமான இடங்களுக்குப் போகும்போது எல்லோரும் அங்கே இருப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் தூரம், கடைசியில் ஏரி.

சேர்வராயன் கோயில் ஏரியிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். மலையிலேயே உயரமான இடம், 1,623 மீட்டர். குகைக் கோயில், உள்ளே குனிந்துதான் போக வேண்டும், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே. இந்தக் குகை காவிரி வரை போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. வெளியே பரந்த சமவெளி, எப்போதும் காற்று. செம்மண் நிறத்தைக் கவனியுங்கள். இந்த மலை பாக்சைட் மலை, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கனிமம் வெட்டிப் போனார்கள்.

அடுத்து பகோடா முனை. இங்கிருந்து கிழக்குப் பக்கம் திறந்து கிடக்கும், ஆகவே காலை வெளிச்சத்தில் பார்ப்பதே பொருத்தம். சேலம் நகரைப் பார்க்கும் லேடீஸ் சீட் மாலைக்கானது. விளக்குகள் எரியத் தொடங்கும் வரை நிற்க வேண்டும் என்றால் மேலேயே தங்குபவர்களுக்குத்தான் அது சாத்தியம். அன்றே திரும்புபவர்கள் மதியம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

கிளியூர் அருவி: சுமார் 300 அடி உயரம். படிகளில் இறங்கிப் போக வேண்டும், இறங்குவது எளிது, ஏறுவதுதான் வேலை. முட்டி வலி, இதய நோய் உள்ளவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். பட்டை வைத்த செருப்போ ஷூவோ வேண்டும். மேலே மழை பெய்துகொண்டிருந்தால் கீழே வெயில் அடித்தாலும் தண்ணீரில் இறங்காதீர்கள். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் வரத் தொடங்கினால், வெள்ளம் பின்னால் வருகிறது என்று அர்த்தம், உடனே கரையேறுங்கள்.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தை அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். 1963இல் தொடங்கியது. பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரத்தை அதன் மூடியோடும் அடியில் தேங்கிய நீரோடும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரமும் உண்டு. அரசு அலுவலகம் என்பதால் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்கலாம். வார நாளில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய ஊரைப் பார்க்க விரும்புபவர்கள் 1853இல் கட்டிய ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போங்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் அங்கே இருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். தங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை தொல்லியல் அகழாய்வைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஒரு எட்டு போய்ப் பார்ப்பது முறை. 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

ஏற்காட்டை 1842இல் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று ஒரு வரி ஊரெல்லாம் சுற்றுகிறது. மன்றோ 1827இலேயே இறந்துபோனவர். திப்புவிடமிருந்து 1792இல் பாரமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு வந்த பிறகு, கேப்டன் ரீடின் கீழ் நில வரி வேலை பார்த்துக்கொண்டு அவர் இருந்தது நம் தருமபுரியில். ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்து நட்டவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன். அங்கே மலை மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதால், "கண்டுபிடித்தார்" என்பதே யார் கண்டுபிடித்தாலும் தப்பு.

மூன்று மணிக்கு ஏரிக்கரை. படகு, அண்ணா பூங்கா, மான் பூங்கா எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. ஐந்து மணிக்கு மேல் படகுச் சீட்டு கிடைப்பது சந்தேகம். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கினால் குரங்குகளுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் அதில் தீனி இருக்கிறது என்றே அவை நினைக்கும். துணிப்பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதாக இருந்தால், வார நாளில் நேரில் போய் அறையைப் பார்த்துப் பேசுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: வெந்நீர் எத்தனை மணி வரை, போர்வையில் ஈர வாடை அடிக்கிறதா, வண்டி நிறுத்தும் இடம் சமதளமா.

இறக்கம்

ஏறும்போது என்ஜின்தான் கஷ்டப்படும், இறங்கும்போது பிரேக். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இதுதான் மலைச்சாலை ஓட்டுநர்களின் விதி. நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதித்தபடி இறங்குவதும் ஒன்றுதான், இரண்டிலும் என்ஜின் வண்டியைப் பிடிக்காது, முழு பாரமும் பிரேக்கில் விழும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் நெம்புகோலை டி-யிலேயே விடாமல் எல் அல்லது 2-க்கு மாற்றுங்கள்.

பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், வளைவுக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். கருகும் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அகலமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். வாடை பிரேக் சூடேறியதற்கு அடையாளம்; பெடல் ஆழமாக இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிவிட்டது என்று பொருள். குமிழ் அழுந்தும், பிரேக் பிடிக்காது. இருபது, முப்பது நிமிடம் தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவராக வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் என்ஜின் பிடிப்பு சொற்பம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடியுங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு மெதுவாக உருட்டினால் கிளட்ச் விட்டுப்போய் இருக்கிற பிடிப்பும் போய்விடும்.

மாலை ஐந்து மணிக்குள் இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்துவிடலாம். இருட்டினால் காட்டெருமை சாலைக்கு வரும். கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை லோ பீமில் வைத்து நின்றால் அது தானாக ஒதுங்கும். படம் எடுக்க இறங்கவே கூடாது.

வாங்கி வருவது

மிளகும் காபியும் வாங்கலாம். மிளகை வாங்கும் முன் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். முற்றிய மிளகு மூழ்கும். சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். காபித்தூளில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், சிக்கரி இல்லாத அரபிகா தூள் நம் டிகாக்ஷன் பழக்கத்துக்குக் கொஞ்சம் நீர்த்தது போலத் தெரியும். வேண்டுமென்றால் கால் பங்கு சிக்கரி கலந்து, ஃபில்டருக்கு ஏற்ற பதத்தில் அரைத்து வாங்குங்கள். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு கிலோ தூக்கிவராதீர்கள். அரைத்த தூளின் மணம் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், கால் கிலோ போதும். வறுத்த கொட்டையாகவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது அரைத்துக்கொண்டால் ஒரு மாதம் வரை ஓட்டலாம்.